பெட்ஃபோர்ட்ஷயர் ஆவணக் காப்பகம்: பிரபுவை விடுங்கள், கூலிக்காரரைத் தேடுங்கள்

இங்கிலாந்தில் ஒரு கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வரலாற்றைத் தோண்டிப் பார்க்க ஆசை என்று யாராவது சொன்னால், காசு கட்டிச் சேரும் வம்சாவளித் தளங்களைக் கொஞ்ச நாள் தள்ளி வைக்கச் சொல்வேன். அந்தக் கவுண்டியின் ஆவணக் காப்பகம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அது போதும். நான் இருப்பது பெட்ஃபோர்ட்ஷயர். லூட்டன் விமான நிலையத்தைத் தவிர வேறு எதற்காகவும் யாரும் இறங்காத கவுண்டி என்று இங்கே இருப்பவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். கடல் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி மலை கிடையாது. ஆனால் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் விஷயத்தில் இந்தச் சின்ன கவுண்டிதான் மற்ற எல்லோருக்கும் முன்னோடி. இங்கிலாந்தின் முதல் கவுண்டி ஆவண அலுவலகம் 1913இல் இங்கேதான் தொடங்கியது.

அதைத் தொடங்கிய ஜார்ஜ் ஹெர்பர்ட் ஃபௌலர் வரலாற்றுப் பேராசிரியர் அல்ல, விலங்கியலாளர். கடல் உயிரிகளை ஆராய்ந்தவர். உடன்பிறப்புபோல இன்னொன்றையும் 1912இல் உண்டாக்கினார்: பழைய ஆவணங்களைப் படித்து அச்சிட்டு வெளியிடும் பெட்ஃபோர்ட்ஷயர் வரலாற்று ஆவணச் சங்கம். ஒன்று பாதுகாக்க, மற்றொன்று எல்லோருக்கும் கொண்டுபோய்க் கொடுக்க. இந்த இரண்டும் சேர்ந்தே பிறந்ததால்தான் இந்தக் காப்பகம் இன்னும் கோட்டைபோல இல்லாமல் கதவு திறந்த இடமாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் சம்பளப் பட்டியல் போடும் வேலை பார்க்கிறவள். பெட்ஃபோர்டுக்குத் தெற்கே, பழைய செங்கல் சூளைப் பகுதியில் குடியிருக்கிறேன். வரலாறு படித்ததில்லை. கணக்குப் புத்தகம் மட்டும் யார் எழுதியதாக இருந்தாலும் எனக்குப் பிடிக்கும். இந்த விமர்சனம் முழுக்க அந்தக் கண்ணோடுதான்.

காப்பகம் பெட்ஃபோர்டில், காட்வெல் தெருவிலுள்ள நகராட்சிக் கட்டடத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே கிரேட் ஊஸ் ஆறு. லூட்டன் 1997இலேயே தனி நிர்வாகமாகிவிட்டது; 2009இல் பழைய கவுண்டி கவுன்சிலும் கலைக்கப்பட்டு, மீதி பெட்ஃபோர்ட், மத்திய பெட்ஃபோர்ட்ஷயர் என்று இரண்டாகப் பிரிந்தது. காப்பகம் மட்டும் பிரியவில்லை; மூன்றுக்கும் பொதுவாக இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. பை, பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே. பென்சில், மடிக்கணினி உள்ளே. தொலைக்காட்சியில் காட்டுகிற வெள்ளைக் கையுறையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். காகிதத்துக்கும் தோலில் எழுதிய ஆவணத்துக்கும் கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது என்பதுதான் இங்கிலாந்துக் காப்பகங்களின் பொது வழக்கம். கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும். புகைப்படங்களுக்கு மட்டும் கையுறை கொடுப்பார்கள். திறந்திருக்கும் நாட்களைப் போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள், வேண்டிய ஆவணத்தின் எண்ணையும் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். இவ்வளவுதான் ஏற்பாடு.

சரி, வீட்டிலிருந்தே எவ்வளவு தூரம் போகலாம்? இந்த ஒரு விஷயத்தில் பெட்ஃபோர்ட்ஷயரை மிஞ்ச ஆள் குறைவு. காப்பகத்தார் கவுண்டியின் ஊர்களுக்குத் தனித்தனியாக வரலாற்றுப் பக்கங்கள் எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். கோயில், பள்ளி, மதுக்கடை, பண்ணை என்று ஒவ்வொன்றுக்கும் கட்டுரை. எழுத்து நடை அலங்காரமில்லாதது. தேதி, ஆவண எண், என்ன எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். தளத்தின் தோற்றம் பழசு. தேடுபெட்டி பல சமயம் உதவாது. ஊர் பெயரைச் சொடுக்கி உள்ளே நடந்து போவதுதான் வழி. ஊருக்கு ஊர் ஆழமும் வேறுபடும். ஆனால் அடிக்குறிப்பில் ஆவண எண் இருப்பதால், அங்கிருந்து நேராக மூல ஆவணத்துக்குப் போய்விடலாம். அதுதான் வேண்டும்.

அந்தப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு மூலம் 1927ஆம் ஆண்டு வரி மதிப்பீடு. 1925இல் வந்த சட்டத்தின்படி நாட்டிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் கடையையும் நிலத்தையும் மதிப்பிட்டு வரி நிர்ணயிக்க வேண்டியிருந்தது. அந்த ஏடுகள் பெட்ஃபோர்ட்ஷயரில் நன்றாகவே தப்பியிருக்கின்றன. மதிப்பீட்டாளர் வாசலில் நின்று எழுதிய குறிப்புகள்: கீழே இரண்டு அறை, மேலே இரண்டு, தண்ணீர் கிணற்றிலிருந்து, கழிப்பறை தோட்டத்தின் கோடியில், வாடகை வாரத்துக்கு இவ்வளவு. மதுக்கடையாக இருந்தால் வாரத்துக்கு எவ்வளவு பீர் ஓடுகிறது என்பதும் உண்டு. ஓரத்தில் அவருடைய சொந்தக் கருத்து வேறு. இடம் பிடிக்கவில்லை என்றால் அதையும் தயங்காமல் எழுதிவிடுவார். நீங்கள் இப்போது குடியிருக்கும் வீடு 1927க்கு முந்தையதாக இருந்தால், காப்பகத்துக்கு முதல் தடவை போகும்போது கேட்க வேண்டியது இதுதான். உங்கள் சமையலறையை ஒரு வரி அதிகாரி எப்படிப் பார்த்தார் என்று தெரிந்துகொள்வதில் ஒரு தனி சுவாரசியம் இருக்கிறது.

இதோடு ஒப்பிட, வரலாற்று ஆர்வலர்கள் எல்லோரும் முதலில் கைகாட்டும் விக்டோரியா கவுண்டி வரலாறு என்ற பெரிய தொகுதிகளையும் சொல்லியாக வேண்டும். 1899இல் தொடங்கிய திட்டம். பெட்ஃபோர்ட்ஷயருக்கு 1904, 1908, 1912 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வந்தன. இன்று இணையத்தில் படிக்கலாம். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஊரைத் திறந்தால் அந்த ஜமீன் யாரிடமிருந்து யாருக்குப் போனது, அவர் மகளை யார் மணந்தார், தேவாலயத்தில் பாதிரியை நியமிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்று ஓடிக்கொண்டே இருக்கும். எண்ணூறு ஆண்டுக் கதையில் வயலில் நின்ற ஆள் ஒருவரைக்கூடப் பார்க்க முடியாது. சுற்றுலா வரலாறும் அப்படித்தான். 1533இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் முதல் திருமணம் செல்லாது என்று பேராயர் கிரான்மர் தீர்ப்புச் சொன்னது டன்ஸ்டபிளில். போதகரும் எழுத்தாளருமான ஜான் பன்யன் 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தது பெட்ஃபோர்டில். தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் இதற்குக் காப்பகம் வரை போக வேண்டியதில்லை.

காப்பகத்துக்குப் போவது மற்றவர்களுக்காக. ஒன்றுமில்லாதவர்களைப் பற்றித்தான் அங்கே காகிதம் குவிந்து கிடக்கிறது! காரணம் எளிது. சொத்து இருந்தவர் வாழ்நாளில் இரண்டு பத்திரமும் ஒரு உயிலும் எழுதினால் அதிகம். ஏழை உதவி கேட்ட ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. செலவு யார் தலையில் விழும் என்ற பயம்தான் அத்தனை எழுத்துக்கும் காரணம்.

இதைப் புரிந்துகொள்ள 1662ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழைக்கு உதவுவது அவர் சேர்ந்த பாரிஷின், அதாவது ஒரு தேவாலயத்தைச் சுற்றிய ஊர்ப் பகுதியின், பொறுப்பு. ஊர் மக்களிடம் வரி வாங்கித்தான் அந்த உதவி. அதனால் அடுத்த ஊர்க்காரர் வந்து குடியேறினால், நாளைக்கு நம் தலையில் விழுவாரோ என்ற கணக்கு உடனே ஆரம்பமாகும். இரண்டு நீதிபதிகள் முன்னால் நிறுத்தி விசாரிப்பார்கள். எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய், எவ்வளவு நாள், கூலி என்ன, வாடகை என்ன, திருமணம் எங்கே. அந்தப் பதில்களை ஒரு தாளில் எழுதி, எழுதத் தெரியாத அந்த மனிதர் கீழே ஒரு குறி போடுவார். முடிவு சாதகமாக இல்லை என்றால் இன்னொரு தாள்: இவரையும் மனைவியையும் குழந்தைகளையும் இன்ன ஊரில் கொண்டுபோய் ஒப்படைக்கவும்.

நான் படித்த ஒரு விசாரணைத் தாளில் ஒரு பண்ணைக்கூலி பதினைந்து வயதிலிருந்து தான் பார்த்த எஜமானர்களை வரிசையாகச் சொல்கிறார். மைக்கேல்மஸ் திருநாள் (செப்டம்பர் 29) தோறும் ஒரு இடம், ஒவ்வொரு இடத்திலும் கூலி இவ்வளவு என்று. அவர் வாழ்க்கையில் யாரும் அவரிடம் இவ்வளவு பொறுமையாக அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டதும் அனுப்பி வைப்பதற்காகத்தான். விசாவுக்காக முகவரிகளையும் வேலை பார்த்த தேதிகளையும் ஒன்று விடாமல் நிரப்பிக் கொடுத்த எவருக்கும் அந்தத் தாளின் தொனி உடனே பிடிபடும். எங்கள் தமிழ்க் குடும்பங்களின் சந்திப்பில் ஒரு தடவை அதை வாசித்துக் காட்டினேன். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

சம்பளக் கணக்குப் போடுகிற எனக்கு அதில் வேறொன்றும் கண்ணில் பட்டது. திருமணமாகாத, குழந்தை இல்லாத ஒருவர் ஒரே எஜமானரிடம் முழுதாக ஒரு வருடம் கூலிக்கு இருந்துவிட்டால் அந்த ஊரில் குடியமர்வு உரிமை வந்துவிடும். ஊர்க்காரர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: 51 வாரத்துக்கு மட்டும் வேலைக்கு அமர்த்துவது. உரிமை கிடைக்கும் நாளுக்குச் சற்று முன் ஒப்பந்தத்தை முடிக்கிற கலை இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது. மாதக் கடைசியில் என் மேசைக்கு வரும் பட்டியல்களில் நான் பார்க்காததல்ல. முந்நூறு வருடப் பழக்கம் என்று தெரிந்தபோது ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

பாரிஷின் ஏழைகள் கணக்குப் புத்தகம் இன்னும் நெருக்கமானது. ஏழைகளுக்கான உதவியைக் கவனிக்கும் மேற்பார்வையாளராக அந்த வருடம் மாட்டிக்கொண்ட விவசாயியோ கடைக்காரரோ எழுதியது. விதவைக்கு வாரப்படி, ஒரு பையனுக்குக் காலணி, ஒரு பெண்ணுக்கு உள்ளாடைத் துணி, நோயாளியைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரிக்குக் காசு. அப்புறம் சவப்பெட்டி, குழி வெட்டியவர்களுக்கு பீர். ஒரே பெயர் வாரப்படியில் வருடக்கணக்காக வந்துகொண்டே இருந்து, ஒரு பக்கத்தில் சவப்பெட்டிச் செலவில் வந்து நின்றுவிடும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கில் நானும் பக்கங்களைக் கூட்டிப் பார்ப்பேன். பழக்க தோஷம். பல பக்கங்களில் கூட்டல் சரியாக இருக்கும். சரியாக இல்லாத பக்கங்களில் தவறு பெரும்பாலும் எழுதியவருக்குச் சாதகமாகவே இருப்பதைப் பார்த்தால், கணக்குத் தணிக்கை எவ்வளவு அவசியம் என்று புரியும்.

தேதி விஷயத்தில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. அதனால் பழைய பதிவேட்டில் 1740 டிசம்பருக்கு அடுத்து வருவது 1740 ஜனவரிதான். நம் கணக்கில் அது 1741. 1752 செப்டம்பரில் நாள்காட்டியை மாற்றி 11 நாட்களை எடுத்துவிட்டார்கள். வரி ஆண்டு மட்டும் அந்த நாட்களை விட மனமில்லாமல் தள்ளிப்போனது. வருடா வருடம் ஏப்ரல் 6 அன்று புது வரி ஆண்டுக்கு நாங்கள் கணினியைத் தயார் செய்வதற்குக் காரணம் அந்தப் பழைய மார்ச் 25தான். நீதிமன்ற ஆவணங்கள் 1733 வரை லத்தீன். அதற்குப் பயந்து பின்வாங்க வேண்டாம். ஏழைகள் கணக்கு ஆங்கிலத்தில்தான் இருக்கும், எழுத்துப்பிழைகளோடு.

இங்கே ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஃபௌலரிடம் வேலை கற்றுக்கொண்ட எம்மிசன் என்பவர் 1930களில் கவுண்டியின் பாரிஷ் பதிவேடுகளைப் படியெடுத்து அச்சிடும் வேலையைத் தொடங்கினார். 1538இல் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்ட நாளிலிருந்து பாரிஷ்கள் எழுதிவந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் 1812 வரை இப்போது தட்டச்செழுத்தில் இருக்கிறது. பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரியாத ஒருவர் இரண்டரை நூற்றாண்டைத் தாண்டிப் பின்னால் போக முடிகிறது என்றால் அதன் பலனை யோசித்துப் பாருங்கள். எம்மிசன் பிறகு எசெக்ஸுக்குப் போய் அங்கேயும் ஒரு பெரிய காப்பகத்தை உருவாக்கினார். அந்தக் கவுண்டிக்காரர்கள் அவரைத் தங்களவர் என்பார்கள். இருக்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆள் சாமுவேல் விட்பிரெட். பீர் ஆலை முதலாளியின் மகன், பெட்ஃபோர்டின் நாடாளுமன்ற உறுப்பினர், சவுத்ஹில்லில் பெரிய மாளிகை. இவரைப் போன்றவரை நான் தேடிப் போயிருக்க மாட்டேன். ஆனால் 1795இலேயே பண்ணைக் கூலிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க மசோதா கொண்டுவந்தவர் இவர். பிரதமர் பிட் எதிர்த்தார், மசோதா தோற்றது. இங்கிலாந்தில் நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச ஊதியம் 1999இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்தத் தொகையைக் கணினியில் மாற்றுகிறவள் என்பதால் இந்த இடைவெளி என்னை உறுத்துகிறது.

விட்பிரெட் உள்ளூர் நீதிபதியாகவும் இருந்தார். வீட்டுக்கு வரும் வழக்குகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 1810களின் தொடக்கத்தைச் சேர்ந்த அந்தக் குறிப்பேடுகளை ஆவணச் சங்கம் அச்சிட்டிருக்கிறது. கூலி தராத எஜமானர் மீது வேலைக்காரர் புகார், உதவி மறுத்த மேற்பார்வையாளர் மீது விதவை புகார், சொல்லாமல் வேலையை விட்டு ஓடிய பையன் மீது விவசாயி புகார். பெரும்பாலும் இரண்டு மூன்று வரிதான். மாளிகை வாசலுக்கு வயல் வழியே மைல்கணக்கில் நடந்து வந்து நின்றவர்களின் பேச்சு அந்த இரண்டு வரிக்குள் கிடக்கிறது. காப்பகத்தில் பிரபுக் குடும்பங்களின் பெட்டிகள் நிறைய உண்டு: விட்பிரெட், வோபர்னின் ரஸ்ஸல், ரெஸ்ட் பார்க்கின் லூக்காஸ். அவற்றையும் ஒதுக்க வேண்டாம். பிரபுவைத் தாண்டி அவருடைய கணக்கரைப் பாருங்கள். வாடகைப் பதிவேட்டில்தான் குடிசைக்காரர்கள் இருக்கிறார்கள்.

வைக்கோல் பின்னல் இல்லாமல் இந்தக் கவுண்டியைப் பற்றி எழுதவே கூடாது. தெற்கே லூட்டனும் டன்ஸ்டபிளும் தொப்பி ஊர்கள். அவற்றுக்கு வேண்டிய வைக்கோல் பின்னலைச் சுற்றுக் கிராமத்துப் பெண்களும் குழந்தைகளும் பின்னிக் கொடுத்தார்கள். நெப்போலியன் போரில் இத்தாலியப் பின்னல் வருவது நின்றதும் உள்ளூர் தொழில் செழித்தது. 1869இல் லூட்டனில் பின்னல் விற்கவே பெரிய சந்தைக் கூடங்கள் திறந்தார்கள். பிறகு சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மலிவான பின்னல் வந்து இறங்க, கிராமத்துப் பின்னல் படுத்தது. தொப்பித் தொழில் மட்டும் நீடித்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பல கவுண்டிகளில் பெண்களின் தொழில் பத்தி வெறுமையாகத்தான் இருக்கும். இங்கே அப்படியல்ல. 1851 ஏட்டில் ஒரு தெரு முழுக்கத் தாய், மகள், பாட்டி எல்லோருக்கும் தொழில் எழுதியிருக்கிறது. ஐந்து ஆறு வயதுப் பெண்களுக்கும் எழுதியிருக்கிறது. படிக்கும்போது மகிழ்ச்சியும் வருத்தமும் ஒன்றாக வரும்.

அந்தப் பெண்களைத் தேடித்தான் நான் ஒரு கட்டணத் தளத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஆங்கில எழுத்தைத் தப்பாகப் படியெடுத்து, ஆறு வயதுப் பின்னல்காரச் சிறுமியை 'பிளாஸ்டரர்' ஆக்கி வைத்திருந்தார்கள். சுவருக்குச் சாந்து பூசுகிறாளாம்! திருத்தச் சொல்லி எழுதினேன், பதிலே இல்லை. ஆனால் வருடச் சந்தா மட்டும் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. காசு கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நூலகத்துக்குப் போங்கள். பெரிய தளங்களில் ஏதாவது ஒன்றைப் பொது நூலகங்கள் இலவசமாகப் பார்க்கத் தருவது வழக்கம். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளைத் தேட, தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீபிஎம்டி, ஃப்ரீரெக் போன்ற இலவசத் தளங்களும் உண்டு. வரைபடத்துக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளம். பெயரில் ஸ்காட்லாந்து இருந்தாலும் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்கள் அங்கே இலவசம், இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஏரிகள் பல, செங்கல்லுக்காகக் களிமண் தோண்டிய பள்ளங்கள் என்று அதில்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன்.

காப்பகத்தில் கிடைக்காதவற்றையும் சொல்கிறேன். பெட்ஃபோர்ட்ஷயர் 1837 வரை லிங்கன் மறைமாவட்டத்தில் இருந்தது. ஆயர் அலுவலகத்துக் காகிதங்கள் வேண்டுமென்றால் லிங்கனுக்குத்தான் போக வேண்டும். வசதியானவர்களின் பழைய உயில்கள் பல லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். தசமபாக வரைபடம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுக்கும் வரிக்காக வரைந்தது) என்று வரலாற்றுப் புத்தகங்கள் புகழ்கிற பொருளும் இங்கே பல ஊர்களுக்கு இல்லை. 1836இல் தசமபாகத்தைப் பணமாக மாற்றும் சட்டம் வருவதற்கு முன்பே பொதுநிலங்களை வேலி போட்டுப் பிரித்தபோது தசமபாகத்தையும் தீர்த்துவிட்டார்கள். அதற்குப் பதில் அந்த நிலப் பிரிப்பு வரைபடங்களைக் கேளுங்கள். யாருக்கு எந்தத் துண்டு போனது என்று பார்த்தால், யாருக்கு ஒன்றும் போகவில்லை என்பதும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, பெரும்பாலான ஆவணம் இணையத்தில் இல்லை. சிறைப் பதிவேடுகள் ஒரு விதிவிலக்கு. பெட்ஃபோர்ட் சிறையின் 19ஆம் நூற்றாண்டுக் கைதிகளைப் பெயர் போட்டு இணையத்தில் தேடலாம். உயரம், முடியின் நிறம், குற்றம், தண்டனை எல்லாம் இருக்கும். முயல் பிடித்ததற்கும் கோசு திருடியதற்கும் உள்ளே போனவர்கள் ஏராளம்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் கதை வேறு. எங்கள் பகுதியின் ஸ்டூவர்ட்பி, லண்டன் பிரிக் நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காக 1920களில் கட்டத் தொடங்கிய ஊர். 1950களில் தெற்கு இத்தாலியிலிருந்து ஆட்களை இறக்கினார்கள், பஞ்சாபிகளும் வந்தார்கள். 2008இல் ஆலை மூடியது, 2021இல் கடைசி நான்கு புகைபோக்கிகளையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இவர்களில் பலர் பாரிஷிடம் உதவி கேட்டு நிற்கவில்லை, அதனால் அந்த வகைக் காகிதமும் இல்லை. இருக்கிற தனிநபர் கோப்புகளும் ஆள் உயிரோடிருக்கும் காலம் வரை பெரும்பாலும் பூட்டியே இருக்கும். பேச்சைப் பதிவு செய்வதுதான் வழி.

கண்டுபிடித்ததைப் பகிர்வதில் சட்டச் சிக்கல் ஒன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. இங்கிலாந்தில் இதுவரை அச்சில் வராத பழைய கையெழுத்துப் பிரதிகள் பலவற்றுக்கு, எழுதியவர் செத்து இருநூறு வருடம் ஆகியிருந்தாலும், 2039 முடியும் வரை காப்புரிமை நீடிக்கிறது. ஆவணத்தைப் படமெடுக்க அனுமதி கிடைப்பது உங்கள் படிப்புக்கு மட்டும். வெளியே போட வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். நான் படம் போடுவதை விட்டுவிட்டு, செய்தியை என் சொற்களில் சொல்லி ஆவண எண்ணைக் கீழே தருகிறேன். எண் இல்லாமல் பகிரப்படும் உள்ளூர் வரலாறு வதந்தியோடு சேர்ந்துவிடுகிறது. கடந்த நூறு வருடத்து ஆட்களின் பெயர்களை, குறிப்பாகத் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகள், மனநலக் காப்பகம் போன்ற விஷயங்களில், நான் சொல்வதே இல்லை. சட்டம் அனுமதித்தாலும் சொல்வதில்லை. ஊர் மண்டபத்தில் பேசும்போது முன் வரிசையில் பேத்தி உட்கார்ந்திருப்பாள்.

பேசுவதற்கு எளிய இடம் தெருதான். குழந்தைகளை அழைத்துக்கொண்டு போனால், பெட்ஃபோர்ட் பிரபுவின் எஸ்டேட் கட்டிய குடிசைகளில் கிரீடத்தோடு 'பி' என்ற எழுத்தும் ஆண்டும் பதித்திருப்பதைத் தேடச் சொல்லலாம். கார்டிங்டன் தேவாலயத்துக்குப் போனால் 1930 அக்டோபர் 5 அன்று பிரான்சில் விழுந்து எரிந்த ஆர்101 வான்கப்பலில் இறந்த 48 பேரின் ஒரே கல்லறை இருக்கிறது. அதைக் கட்டிய கொட்டகை இன்னும் வயல்களுக்கு நடுவே பூதம்போல நிற்கிறது. லூட்டனில் 1919 ஜூலை 19 அன்று போர் முடிந்ததைக் கொண்டாடும் விழாவில் வேலையில்லாத முன்னாள் படைவீரர்கள் கொதித்தெழுந்து, அன்றிரவு நகராட்சி மண்டபமே எரிந்துபோன கதையைச் சொன்னால் பதின்வயதுப் பையன்களும் கைப்பேசியைக் கீழே வைப்பார்கள்.

யாருக்கு இந்தக் காப்பகம் சரிப்படாது? ஒரே மதியத்தில் குடும்ப மரம் வேண்டும் என்பவர்களுக்கு. இங்கே கேட்டலாகில் எல்லாப் பெயரும் இருக்காது, பெட்டி பெட்டியாகப் புரட்டியாக வேண்டும். மற்றபடி, வேறெந்தக் கவுண்டியில் இருப்பவராக இருந்தாலும் வழி இதேதான். தேசிய காப்பகத்தின் டிஸ்கவரி கேட்டலாகில் ஊர் பெயரைப் போட்டால் எந்த ஆவணம் எந்தக் காப்பகத்தில் என்று வரும். முதல் முறைக்கு ஒரே ஒரு பாரிஷ் போதும். அதன் ஏழைகள் கணக்கு ஒரு புத்தகம், குடியமர்வுத் தாள்கள் ஒரு கட்டு, அதற்கு மேல் கேட்காதீர்கள்.

காரில் வந்தால் பெட்ஃபோர்டில் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். மார்ஸ்டன் வேல் பாதையின் சின்ன ரயிலில் வந்து பெட்ஃபோர்ட் செயின்ட் ஜான்ஸில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஃபௌலர் வாழ்ந்த ஆஸ்ப்லி கைஸும் ஸ்டூவர்ட்பியும் அதே பாதையில் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை ரயிலும் ஓடாது, காப்பகமும் திறக்காது.